கொப்பரை பொங்கியதும் ஒரு கையெழுத்தும்

பொன்னேரி,
14-8-1977

அன்புள்ள மகள் குணசுந்தரிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. சூப்பர்வைசரோடு எதற்கு வம்பு, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அப்பா என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் எதில் கையெழுத்துக் கேட்டார் என்று தெரியுமா உனக்கு?

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நான் பார்க்கிற பசைக் கொப்பரையின் சூடு எண்பது டிகிரியில் நிற்க வேண்டும். பழைய கருவி நீராவி வால்வை முழுக்கத் திறக்கும் அல்லது முழுக்க மூடும், சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். புதிதாக வந்தது சூடு எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குத்தான் திறக்கும், அப்புறமும் ஒரு டிகிரி குறைந்தே நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சரிசெய்துவிடும். அதுதான் ஆட்டோ. நாமே கைத்திருகால் வால்வைத் திருப்புவது மேனுவல். ஆனால் சுவிட்சை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றுமுன், வால்வு எவ்வளவு திறந்திருக்கிறதோ அதே அளவில் கைத்திருகை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் திருகு நிற்கிற இடத்துக்கு வால்வு ஒரே தாவாகத் தாவிவிடும். இதை சூப்பர்வைசர் அருணாச்சலத்துக்கு நாலு தடவை சொன்னேன், எனக்கே சொல்லிக் குடுக்கிறியா என்றார். போன மாதம் சூடு ஒரு டிகிரி இறங்கியதும் பதறிப்போய், நான் ஓடி வருவதற்குள் மேனுவலுக்குத் திருப்பிவிட்டார். திருகு முழுத் திறப்பில் இருந்தது. கொப்பரை பொங்கி, பக்கத்தில் நின்ற கூலியாள் சடையப்பனின் முழங்கை வெந்துபோயிற்று. மறுநாள் அருணாச்சலம் என்னைக் கூப்பிட்டு, "சடையப்பன்தான் சுவிட்ச திருப்பினான்னு கையெழுத்து போட்டுடு சாலமோன், உனக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்கிறார். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் மேலே பழியா! முடியாது என்றேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றார்.

போன வாரம் மேனேஜர் தேசிகனிடம், கொப்பரை பொங்கிய நாளில் அந்தக் கருவிக்குள் சுற்றிய வட்டத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். அதில் ஒரு பேனா சூட்டையும் இன்னொன்று வால்வையும் வரையும். பத்தே கால் வரை வால்வுக் கோடு நிதானமாகப் போய், அங்கே ஒரே குத்தாக உச்சிக்கு ஏறியிருந்தது. அந்த நேரத்தில் சடையப்பன் கொப்பரையடியில் மூட்டை இறக்கியதை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். தேசிகன் கேட்டதும் அருணாச்சலம் ஒப்புக்கொண்டார். சடையப்பன் வேலை பிழைத்தது. ஆனால் கூத்தைக் கேள், இனி ஆட்டோவே வேண்டாம் என்று சுவிட்சை மேனுவலிலேயே வைத்துக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். எட்டு மணி நேரமும் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நான்தான் திருகைத் திருப்புகிறேன், பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது அதே அருணாச்சலம்.

அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, குறைப்படுகிறாள். கர்த்தர் உன்னைக் காப்பாராக. நர்ஸாக இருக்கிறாயே, வெந்த முழங்கை மடங்காமல் இறுகிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்ட சடையப்பன் தினமும் வந்து கேட்கிறான்.

இப்படிக்கு
உன் அப்பா
சா. சாலமோன்