உப்புத் தண்ணீரில் அப்பிள்

ரொஷேல் மகள்,

அப்பிளை மெல்லிசாகச் சீவி, உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிரிஜ்ஜில் மூடி வைத்திருக்கிறேன். நாளைக்கும் கறுக்காது. வீங்கின வாய், மெதுவாகத் தின்னு.

போன கிழமை உன் ஒரு கன்னத்தைக் கிழித்து வாயை உடைத்த டிலான் நேற்றுப் பழப்பையோடு வந்தான். வருத்தம் பார்க்க வந்த புருஷனை வாசலில் நிறுத்தக்கூடாது என்று நான்தான், விசரன், கதவைத் திறந்தேன். என் கண்ணுக்கு முன்னாலேயே மற்றக் கன்னத்தையும் கிழித்தான். அவன் பழம் குப்பையில் கிடக்குது. இது நான் கொட்டாஞ்சேனைச் சந்தையில் வாங்கினது.

இன்றைக்கும் வருவான், அழுவான். திறக்காதே. பொலிஸ் பார்க்கும் என்பாய். நான் நம்பமாட்டேன். கீழே படிக்கட்டில் இருக்கிறேன்.

அப்பா

உப்புக் கரித்தால் கழுவித் தின்னு.

கத்தியைத் தேடாதே, என்னிடம் இருக்குது. அதற்காகத்தான் எல்லாப் பழத்தையும் ஒரேயடியாக வெட்டி வைத்தேன்.