இரண்டு பேருக்கான ஸ்கூட்டர்

அக்கா,

இன்று காலை தளேகாவ் மின்வாகன ஆலையில் எங்கள் பிரிவுக்குள் நுழைந்ததும் அந்த வாசனை வந்தது. ஒயர் இணைப்பின் மேல் மாட்டும் கறுப்புக் குழாய் சூடான காற்று பட்டுச் சுருங்கும்போது வருமே, கொஞ்சம் ரப்பரும் கொஞ்சம் இனிப்புமாக ஒரு வாசனை, அதேதான். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். நானோ இன்னொரு முறை ஆழமாக முகர்ந்தேன். சிஞ்ச்வட் தொழிற்பயிற்சிப் பள்ளியின் பணிமனையில் ஒரே மேசையில் நீங்களும் நானும் தலை முட்டக் குனிந்து நின்ற அந்த வருஷம் அப்படியே எதிரே வந்து நின்றது.

உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ரயிலில் நான் ஏதாவது தமிழில் வாசித்துக்கொண்டிருந்தால், "சத்தமாப் படிடி, நானும் கேக்குறேன்" என்பீர்கள். அதனால் இதையும் வாய்விட்டுச் சொல்லியபடியேதான் எழுதுகிறேன்.

மின்வாகனப் பயிற்சி வகுப்பின் முதல் நாள் நினைவிருக்கிறதா? அறை முழுக்கப் பையன்கள். கடைசி பெஞ்சில் நான் ஒருத்திதான் பெண். நீங்கள் காட்டன் புடவையும் தோளில் பெரிய பையுமாக உள்ளே வந்தபோது, ஆசிரியை என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். "அரே, பைட்டோ பைட்டோ" என்று கையமர்த்தி, நீங்களும் மாணவிதான் என்று இந்தியில் சொல்லிவிட்டு, நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். என் பையை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"தமிழா நீ? டப்பாவுல புளிசாதம் மணக்குது."

கட்கியில் உங்கள் தாத்தா காலத்திலிருந்தே குடியிருக்கும் குடும்பம். சர்ச், பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர், உங்களைவிட உயரமாக வளர்ந்துவிட்ட மகன். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவர், அதை விட்டுவிட்டு வந்திருந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "உக்காருங்க, டாக்டர் இப்ப வந்துருவாரு, உக்காருங்க... இதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. கையால எதையாச்சும் செஞ்சு, அது ஓடுறதப் பாக்கணும்டி" என்றீர்கள்.

எனக்கும் அதே ஆசைதான். ஆனால் எனக்குக் கெடு இருந்தது. தேகு ரோடில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு, வேலூரிலிருந்து வந்த அவருடைய நண்பர் மகளைப் போல நானும் கராடியில் ஐ.டி. கம்பெனியொன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும் என்று எண்ணம். "ஏசி ரூம்ல உக்கார்ற வேலைய விட்டுட்டு கிரீஸ்ல கைய வெக்கறேன்ற. சரி, ஒரு வருஷம் போய்ப் பாரு. வேலை கெடைக்கலன்னா நான் சொல்றதக் கேக்கணும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

அந்த வருஷம் எவ்வளவு வேகமாக ஓடியது! முதன்முதலில் ஈயம் உருகி, ஒயரின் நுனியில் பளபளவென்று முத்துப்போல உட்கார்ந்தபோது நான் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். நீங்கள் மல்டிமீட்டர் கிடைத்த நாளிலிருந்து அதைக் கீழே வைக்கவேயில்லை. ஸ்பூன், வளையல், ஈரக்கை, காய்ந்த கை என்று எல்லாவற்றையும் அளந்து பார்த்தீர்கள். கான்டீனில் ஒருநாள் இரண்டு முனைகளையும் சமோசாவில் குத்திவைத்து முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கையில், நமக்குப் பாடம் எடுக்கும் சார் வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தோம். அவரோ குனிந்து பார்த்துவிட்டு, "சட்னி ஊற்றி மறுபடி பாருங்கள்" என்று மராத்தியில் சொல்லிவிட்டுப் போனார். பார்த்தோம். அசைந்தது. நீங்கள் மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் டீ கொட்டியது.

கடைசிப் பருவத்தில் இரண்டிரண்டு பேருக்கு ஒரு பழைய பெட்ரோல் ஸ்கூட்டரைக் கொடுத்து, அதை பேட்டரியில் ஓட வைக்கச் சொன்னார்கள். நமக்கு வந்தது துருப்பிடித்து, சீட்டே இல்லாத வண்டி. எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் புதுச் சக்கரத்தை மாட்டினோம். ஒருவர் உட்காரும் சீட் போதும், சோதனை ஓட்டத்துக்கு அதுதான் லேசு என்றார் சார். நீங்கள் விடவில்லை.

"இந்த ஊர்ல யாரு சார் தனியாப் போறாங்க? பின்னாடி பொண்டாட்டி, முன்னாடி புள்ள, நடுவுல காய்கறிப் பை. ரெண்டு பேர் ஏற முடியலன்னா அது வண்டியா?"

இந்தியிலும் மராத்தியிலும் மாற்றி மாற்றி நீங்கள் வாதாடியதில் சார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நீளமான சீட் வந்தது. அதைத் தாங்க அடிச்சட்டத்துக்கு ஒரு குறுக்குக் கம்பி வந்தது. எடையும் கூடியது.

முதல் ஓட்டம் என்ன ஆனது என்பதை ஆலையில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் சக்கரம் சுற்றியது. இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். எந்தப் பக்கமாகச் சுற்றியது என்று இருவருமே பார்க்கவில்லை. நீங்கள் ஏறி உட்கார்ந்து, "ச்சலோ" என்று திருகினீர்கள். வண்டி பின்னால் பாய்ந்து சாருடைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் நின்றது. நல்லவேளை, நாற்காலியில் சார் இல்லை. மோட்டார் ஒயர்களை நாம் வரிசை மாற்றிக் கொடுத்திருந்தோம். வண்டியிலிருந்து இறங்காமலே, "ரிவர்ஸ் கியர் ஃப்ரீ" என்றீர்கள்.

சோதனை நாளன்று பள்ளிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் சரிவுதான் களம். தளேகாவ் ஆலையிலிருந்து ஆள் எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். அப்பாவும் அரை நாள் லீவு போட்டு வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். நான் ஓட்ட, நீங்கள் பின்னால். பாதிச் சரிவு வரை வண்டி அழகாக ஏறியது. பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் செத்துப்போனது. பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாகப் பின்வாங்கி இறங்கினோம். அப்பா குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

மற்ற வண்டிகள் முடியும்வரை நேரம் தருவதாகச் சொன்ன சார், பின்சீட்டை மறந்துவிட்டு ஒருவர் மட்டும் ஏறிப் போங்கள் என்றார். அது எளிது. ஏறியும் இருக்கும். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"நீ சொல்லு. உங்க அப்பா நிக்கிறாரு. உனக்குத்தான் இன்னிக்கு எல்லாம். தனியாப் போறதுன்னா போ, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"ஏன் நின்னுச்சுன்னு தெரியாமப் போனா எனக்குத் தூக்கம் வராதுக்கா" என்றேன். உங்கள் முகம் மலர்ந்ததே, அதை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேல்மூடியைத் திறந்தோம். வண்டியைச் சுவரில் முட்டக் கொடுத்து நீங்கள் லேசாகத் திருகினீர்கள், நான் அளந்தேன். பேட்டரி முனையில் மின்னழுத்தம் சரியாக இருந்தது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரின் முனையில் மட்டும் கடகடவென்று இறங்கியது. அப்படியென்றால் பேட்டரியிலும் கோளாறில்லை, மோட்டாரிலும் இல்லை, இடையில் ஏதோ மின்சாரத்தைத் தின்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே கையை விட்டுத் தடவினோம். ஓர் இணைப்பு சுட்டது. ஒயரின் நுனி உலோக முனைக்குள் சரியாக அழுந்தாமல் இருந்தது. அதை யார் அழுத்தியது என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெட்டினோம், புது முனை வைத்தோம். நீங்கள் உடம்பின் முழு எடையையும் கொடுத்து அழுத்தினீர்கள். கறுப்புக் குழாயை மாட்டிச் சூடு காட்டினேன். அதற்குள் நம்மைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாதிச் சரிவு வந்தபோது நான் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் திருகினேன். என் காதருகே நீங்கள், "போகும், போகும், பாரு போகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். போனது. பாதியைத் தாண்டி, தொட்டியைத் தொட்டு, திரும்பி இறங்கும்போது பையன்கள் தகரத்தைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். அப்பா மெதுவாக வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். சீட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"ஒரு ரவுண்டு நானும் வரலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா அண்ணா, ரெண்டு பேருக்குன்னே செஞ்சது" என்று சொல்லி நீங்கள் இறங்கிக்கொண்டீர்கள். கராடி என்ற பேச்சை அப்பா அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஆலையில் இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் கட்கியில் ஏறிவர, நான் சிஞ்ச்வட்டில் அதே பெட்டியில் ஏறிய அந்த லோக்கல் ரயில் நாட்களைப் பற்றி எழுதினால் முடியாது. போன மழைக்காலத்தில் உங்களுக்கு வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். டெங்கு என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஒரே ஒரு முறை உள்ளே விட்டார்கள். கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டீர்கள். அப்போதும், "ஆலைக்கு அந்தப் புது மோட்டார் வந்துச்சா? எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டீர்கள். இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை என்றேன். "நான் வர்றவரைக்கும் பிரிக்காத" என்றீர்கள். உங்களை அடக்கம் செய்த அன்று சர்ச்சில் உங்கள் மகன் என் பக்கத்தில் வந்து, அம்மா என் பெயரைத் தூக்கத்தில்கூடச் சொன்னதாகச் சொன்னான். அந்தப் பெட்டியை வேறு யாரோ பிரித்தார்கள், அக்கா. என்னால் முடியவில்லை. கொஞ்ச நாள் வேலையே பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள், பரிசோதனைத் தடத்தில் ஒரு வண்டி காரணமில்லாமல் நின்றது. எல்லாரும் எரிச்சலோடு தலையில் கை வைத்தார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ துள்ளியது. ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ளப் போகிறோம் என்ற அந்தப் பரபரப்பு, பசி மாதிரி, குறையாமல் அப்படியே இருந்தது. நான் போய் மூடியைத் திறந்தேன். அன்று மாலைக்குள் வண்டி ஓடியது.

உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான் என்று நினைக்கிறேன். நின்றுபோன எதன் முன்னாலும் எனக்கு இப்போது பயம் வருவதில்லை, ஆசைதான் வருகிறது. நாளை புது ரக வண்டியொன்று முதல் முறையாக எங்கள் பிரிவுக்கு வருகிறது. எங்கே நிற்கப்போகிறதோ, யாருக்கும் தெரியாது. முதல் ரயிலிலேயே போய்விடுவேன்.