அணைத்து வைத்த நீலம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல எங்களோடு குடியிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன், அம்மா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். திங்கட்கிழமைக்குள் நீ படித்தாக வேண்டும்.

உன் ஆய்வகத்தில் அளவெடுக்கும் பெண், நீ வடிவமைத்த மூலக்கூறின் நீல ஒளி சீக்கிரம் மங்குகிறது என்கிறாளாம். நம் வீட்டில் அதே விளக்கு மங்காமல் எரிகிறது, அவள் அளந்ததுதான் தப்பு என்று திங்கட்கிழமை மேலதிகாரி முன்னால் போட்டு உடைக்கப்போவதாகச் சொன்னாய். கண்ணு, அவள் அளந்தது சரி. தப்பு என்னுடையது.

பாதி நீலம், பாதி பச்சையாக நீ அனுப்பிய அந்தச் சின்ன விளக்குப் பலகையை ராப்பகலாக எரியவிடச் சொன்னாய். நீல மூலக்கூறுதான் நோஞ்சான், எரிய எரிய உடைந்துபோகும், பச்சை தாக்குப்பிடிக்கும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று விளக்கினாய், நானும் பெரிய விஞ்ஞானி போலத் தலையாட்டினேன். ஆனால் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தே காலம் தள்ளியவன் நான், ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் கை தன்னால் சுவிட்சுக்குப் போய்விடும். முதலில் அந்தப் பழக்கதோஷம்தான். பிறகு ஒருநாள் நீலம் லேசாகச் சோர்ந்த மாதிரி தெரிந்தது. என் பிள்ளை கண்விழித்து உருவாக்கியது என் வீட்டிலேயே மங்குவதா என்று, அப்புறம் வேண்டுமென்றே அணைத்து வைத்தேன். நீ வீடியோவில் கூப்பிடும்போது மட்டும் ஓடிப்போய்ப் போடுவேன். "பளிச்சுனு இருக்குப்பா!" என்று நீ சிரிப்பாய், அந்தச் சிரிப்புக்காகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, "அந்தப் பொண்ணுக்கும் ஒரு அப்பா இருப்பாருல்ல?" என்று மட்டும் கேட்டாள். அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மங்கினால் ஏன் மங்கியது என்று பார்த்து அடுத்த மூலக்கூறைக் கட்டுவதுதான் உன் வேலை. நான் அதை குறைந்துபோன பரீட்சை மார்க்கைப் போல மறைக்கப் பார்த்தேன்.

முதலில் அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசு. கௌரவம் பார்க்காதே, பழியை என் தலையில் போடு. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. கோபம் இருந்தால் கூப்பிட்டுத் திட்டு, கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் விளக்கை அணைத்த அப்பா