பன்னிரண்டு நாள் தொங்கிற தாள்

தொண்டைமானாறு
02.02.2024

அன்புள்ள சுதனுக்கு,

சந்நிதியான் புண்ணியத்தாலை நான் சுகம். நீங்களும் அப்பிடியே இருக்கவேணும். றஞ்சித் அண்ணை என்ரை போனை ஆத்துக்கை எறிஞ்சிட்டார். கருவாடு விக்கிற லூர்த்தம்மாதான் இதைக் கடகத்துக்கை வைச்சுக் கொண்டுவாறா. கடிதம் மணத்தால் அவவைக் குறை சொல்லாதையுங்கோ. பாரைக் கருவாடு, நல்ல சாமான், அரைக் கிலோ வாங்குங்கோ. பாவம், அவவுக்கு முழங்கால் நோ. பஸ்ஸிலை ஒருத்தரும் பக்கத்திலை இருக்கினமில்லை.

கதை எங்கையோ போகுது. எங்கடை வீடும் உங்கடை வீடும் அக்கரை இந்தியாவிலையிருந்து கஞ்சா இறக்கித்தான் சோறு திண்டது. போன வருசம் உங்கடை கனகரத்தினம் அண்ணையின்ரை ஆக்கள் வெட்டினதிலை எங்கடை றஞ்சித் அண்ணையின்ரை வலக்கை விரல் மூண்டு மடங்காது. நான்தான் சோறு குழைச்சுக் குடுக்கிறன். குழைச்சுக் குடுத்துக்கொண்டே, உங்களைத்தான் கட்டுவன் எண்டும் சொல்லிப்போட்டன். சந்நிதி கோயில் மடத்திலை ஆரின்ரை தங்கச்சியெண்டு தெரியாமல் எனக்கு ரெண்டாந்தரம் பாயாசம் வாத்தது நீங்கள்தானே.

நேற்றுப் பதிவுக் கந்தோருக்குப் போனன். கலியாண அறிவித்தல் ரெண்டுபேற்றை ஊரிலையும் பன்னிரண்டு நாள் தொங்கவேணுமாம். இங்கை கந்தோர்ப் பலகையிலை தொங்குது. அங்கை நீங்கள் போய்க் குடுங்கோ.

உங்கடை
குணலட்சுமி

அரியாலை
06.02.2024

என்ரை லட்சுமிக்கு,

கருவாடு நல்லம். உம்மடை கடிதத்தாலைதான் சோறு இறங்கேல்லை. பலகையிலை என்ரை பேர் தொங்கினால், அடுத்த கிழமை அதே பேர் மரண அறிவித்தலிலை தொங்கும். என்ரை அண்ணையை உமக்குத் தெரியும். என்னட்டை ரெண்டு எஞ்சின் போட்ட படகு கிடக்கு. வெள்ளிக்கிழமை கரைக்கு வாரும். அக்கரையிலை எங்களை ஆருக்குத் தெரியும்?

ஜெயசுதன்

தொண்டைமானாறு
08.02.2024

அன்புள்ள சுதனுக்கு,

நான் படகுக்கு வரமாட்டன். ஐயாவும் ஒளிச்சுத்தான் படகேறினவர். பிரேதமும் ஒளிச்சுத்தான் வந்தது. சத்தம் கேட்கக்கூடாதெண்டு அம்மாவின்ரை வாய்க்குள்ளை சீலைத் தலைப்பை அடைச்சவை. எங்கடை வீட்டிலை எல்லாம் ஒளிச்சு நடந்தது காணும். என்ரை கலியாணம் ஊர் வாசிச்சுத்தான் நடக்கும்.

எங்கடை அண்ணையும் அந்தத் தாளை வாசிச்சிட்டார். "உன்ரை எழுத்தோ?" எண்டார். "ஓம்" எண்டன். ரெண்டு நாளாய் நான் குழைச்ச சோறு ஆட்டுக்குப் போகுது. ஆடு கொழுக்குது. ஆனால் தாளை அவர் கிழிக்கேல்லை.

ஒண்டு சொல்லவேணும். அறிவித்தலிலை 'தொழில்' எண்டு கேட்பினம். பொய் எழுதாதையுங்கோ. கடல்தொழில் எண்டு எழுதினால் வலையோடைதான் போகவேணும். ஊர் வாசிக்கிற தாள்.

குணலட்சுமி

தொண்டைமானாறு
24.02.2024

அன்புள்ள சுதனுக்கு,

ரெண்டு கிழமையாய் உங்கடை கடிதம் இல்லை. லூர்த்தம்மா கடகத்தைக் கவிட்டே காட்டினா. பொறுக்கேலாமல் நேற்று நானே பஸ் ஏறி வந்தன். பின் கதவாலை அண்ணையும் ஏறினார். நான் திரும்பிப் பாக்கேல்லை.

உங்கடை ஊர்ப் பலகையிலை ஆறு தாள். முதல் தாளிலை ஒரு பொம்பிளை, நான் பிறந்த அதே நாள் பிறந்தவ, இப்ப ரெண்டாங் கலியாணம். நல்லாயிருக்கட்டும். அஞ்சாவது உங்கடை. ஜெயசுதன், வயது முப்பத்தெட்டு. தொழில்: இல்லை.

நான் அங்கையே நிண்டிட்டன். படகையும் எஞ்சினையும் வித்திட்டியளாம், கனகரத்தினம் அண்ணை வீட்டைவிட்டுக் கலைச்சிட்டாராம். தேத்தண்ணிக் கடையிலை கதைச்சினம். நீங்கள் எங்கை இருந்தாலும் லூர்த்தம்மா இதைத் தேடித் தருவா. எனக்கு ஒரு வரி எழுதினால் குறைஞ்சோ போவியள்?

அண்ணை எனக்குப் பின்னாலை நிண்டு எழுத்துக்கூட்டி வாசிச்சார். பிறகு, "வேலை இல்லாதவனுக்கோ உன்னைக் குடுக்கிறது?" எண்டார். முப்பத்தாறு வருசத்திலை அவர் ஒரு தமையன் மாதிரிக் கதைச்சது அதுதான் முதல்தரம்.

திங்கட்கிழமை பத்து மணி. உங்கடை ஊர்ச் சேட்டிபிக்கற்றோடை இங்கை வாங்கோ, பிந்தாதையுங்கோ. சாட்சிக்கு ரெண்டுபேர் வேணும். லூர்த்தம்மா ஒராள். மற்ற ஆளுக்கு நான் ஆரையும் கேட்கேல்லை. அண்ணை விடியத்தொடக்கம் பழைய கலண்டர்த் தாளிலை, இடக்கையாலை, தன்ரை பேரை எழுதி எழுதிப் பாக்கிறார்.

உங்கடை
குணலட்சுமி