அரசி கப்பலுக்குப் போகிறாள்

நெய்வேலி, பிளாக் 21
9.2.2025

பொற்கொடிக்கு,

நாம் போனில் பேசினால் எதில் முடியும் என்று உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். தபாலில் போட்டால் உன் கப்பலைத் தேடிப் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே அனுப்பு.

விஷயம் இதுதான். நம் அரசிக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலை. சென்னையில் இன்டர்வியூவுக்குப் போனது எனக்குத் தெரியாது. தேர்வான பிறகுதான் சொன்னாள். உன்னுடைய கம்பெனிதான், கப்பல் வேறு. அவள் ஓட்டல் படிப்பை எடுத்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அம்மாவ அனுப்புனீங்க இல்ல?" என்றாள். நான் அனுப்பவில்லை, நீயாகத்தான் போனாய் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அவள் உன்னோடு பேசமாட்டாள். அதில் மாற்றமில்லை. கொரோனா வருஷத்தில் கப்பலெல்லாம் நின்று, நீ குறிஞ்சிப்பாடியில் உன் அக்கா கனகம் வீட்டில் தங்கியிருந்தபோதுகூட அவள் உன்னைப் பார்க்க வரவில்லை. ஆனால் பத்து வருஷமாகக் கப்பலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருப்பவள் நீ. அங்கே என்ன தேவைப்படும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி அனுப்பு. சுரங்கத்துக் கன்வேயரில் என்னோடு வேலை செய்கிற சங்கரலிங்கத்தின் தம்பி கப்பலில் இருக்கிறான், அவன் சொன்னான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

மதிவாணன்


கரீபியன் கடலில்
14.2.2025

அரசி அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் கையெழுத்து மாறவில்லை. படிப்பதில் சிரமமில்லை.

முதலில் ஷூ. கறுப்பு நிறம், வழுக்காத அடிப்பாகம். அளவைவிட அரை சைஸ் பெரிதாக வாங்கச் சொல்லுங்கள். நாளெல்லாம் நின்றால் கால் வீங்கும். அழகாக இருக்கிறது என்று இறுக்கமாக வாங்கினால் முதல் வாரமே அழவேண்டியிருக்கும்.

ஊழியர்களின் அறை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும். ஜன்னல் கிடையாது. மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. திரையை மூடினால் அதற்குள் இருப்பது மட்டும்தான் அவளுடைய இடம். கூட இருக்கும் பெண்ணின் திரையை எந்தக் காரணத்துக்காகவும் விலக்கக் கூடாது. கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சுவர் இரும்பு என்பதால் ஆணி அடிக்க முடியாது. காந்தம் வைத்த கொக்கிகள் கடைகளில் கிடைக்கும், பத்து எடுத்துவரட்டும். துணி, பை, அடையாள அட்டை எல்லாவற்றையும் அதில்தான் மாட்டுவோம்.

அரிசிச் சோறு எப்போதும் கிடைக்கும். ஊறுகாய் கொண்டுவருவதென்றால் கம்பெனி சீல் உடைக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். வீட்டில் போட்டதைப் பரிசோதனையில் எறிந்துவிடுவார்கள். எக்ஸ்டென்ஷன் வயரையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

அலை பெரிதாக இருக்கும் நாளில் வயிறு புரட்டும். சாப்பிடாமல் இருந்தால் இன்னும் மோசமாகும். உப்பு பிஸ்கட்டும் பச்சை ஆப்பிளும் போதும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு.

கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊர் நேரத்தில் வைத்தால், இப்போது அங்கே விளக்கு வைத்திருப்பார்கள், இப்போது சாப்பிட்டிருப்பார்கள் என்று மணி பார்க்கும்போதெல்லாம் தோன்றும். வேலை ஓடாது.

பொற்கொடி


நெய்வேலி
2.3.2025

பொற்கொடிக்கு,

நீ எழுதியதைச் சங்கரலிங்கத்தின் தம்பி பேரில் சொன்னேன். போனில் குறித்துக்கொண்டாள். ஷூ மட்டும் சரியான சைஸில்தான் வாங்குவேன் என்கிறாள். கடலூருக்குப் போய் வாங்கியும் வந்துவிட்டாள்.

மருத்துவப் பரிசோதனை முடிந்தது. தீயணைப்புப் பயிற்சிக்கும் லைஃப் ஜாக்கெட் போடும் பயிற்சிக்கும் சென்னையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். மே மாதக் கடைசியில் கிளம்ப வேண்டியிருக்கும்.

இன்னும் சில கேட்கிறாள். அறையில் ஏசி குளிரைக் குறைக்க முடியுமா? மேலதிகாரி ஆணாக இருந்தால் எப்படி? "தப்பா எதுனா நடந்தா யார் கிட்ட சொல்லணும்னு அந்தத் தம்பியக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். சங்கரலிங்கத்தின் தம்பிக்கு இது எப்படித் தெரியும் என்று எனக்கே தோன்றியது. நீ எழுது.

மதிவாணன்


மயாமி துறைமுகம்
9.3.2025

அரசி அப்பாவுக்கு,

ஏசி விஷயத்தைக் கூட இருக்கும் பெண்ணோடு முதல் நாளே பேசிவிட வேண்டும். எண்ணெய், சாம்பிராணி, அலாரம், எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது எல்லாமே முதல் நாள். இரண்டாம் வாரத்தில் பேசினால் அது சண்டையாகிவிடும்.

அடுத்தது உங்களுக்குச் சொல்லச் சங்கடமாக இருக்கலாம். ஆனாலும் சொல்லிவிடுங்கள். மாதாந்திரத் துணி மூன்று மாதத்துக்கு எடுத்துவரட்டும். கப்பல் கடையில் எப்போதும் இருக்காது. பயணிகள் யார் கூப்பிட்டாலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர்கள் அறைக்குள் போகக் கூடாது. போனால் வேலை அன்றோடு சரி. ஊழியர்களின் மதுக்கூடத்தில் தன் கோப்பையை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. திரும்பி வந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

மேலதிகாரி எவனாவது கை வைத்தால் சிநேகிதிகளிடம் சொல்லி அழுதுகொண்டிருக்கக் கூடாது. நேராக ஊழியர் அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுக்க வேண்டும். என் முதல் வருஷத்தில் ஒருவன் சலவை அறையில் வழி மறித்தான். நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த துறைமுகத்தில் அவனை இறக்கிவிட்டார்கள். இதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திரும்பி வா என்றிருப்பீர்கள்.

இன்னொன்று. நான் கேட்டால் அவளை என் கப்பலுக்கே போடுவார்கள். வேறு தளம், வேறு வேலை. தினமும் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. கேட்கட்டுமா?

பொற்கொடி


நெய்வேலி
16.3.2025

பொற்கொடிக்கு,

இரண்டாம் ஷிப்ட் போகும் முன் அவளை உட்காரவைத்து நீ எழுதியதை அப்படியே படித்தேன். தலை நிமிராமல் படித்தேன். மதுக்கூடம் வரை வந்தபோது அரசி சிரித்துவிட்டாள்.

"அப்பா, போதும். அம்மா எழுதுனதுன்னு எனக்கு மொதல் நாளே தெரியும்."

"எப்படி?"

"நீங்க படிச்சுகினு இருந்தது அம்மா பேச்சு. நீங்க எப்போ 'எந்தக் காரணத்துக்காகவும்'னு பேசுனீங்க?"

உன் கப்பலுக்கு வருகிறாயா என்று அப்போதே கேட்டுவிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "இந்த டிப்ஸ் மட்டும் வேணும்ப்பா. அவ்ளோதான். வேற எதுவும் வேணாம்னு எழுதிடுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அவளுடைய சடங்குக்கு நீ வராததை நான் ஒருநாளும் அவளிடம் பேசியதில்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில் கூடியிருந்த சனமெல்லாம் பேசியது. பிள்ளை மணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. உனக்கு லீவு கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் புரிந்திருக்காது.

மதிவாணன்


நெய்வேலி
28.5.2025

பொற்கொடிக்கு,

அரசியை நேற்று விமானம் ஏற்றிவிட்டேன். நானும் கனகமும் போயிருந்தோம். போலீஸ்காரர் வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். நீ போனபோது திரும்பிப் பார்த்தாயா என்று வரும் வழியில் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. அன்று நான் ஷிப்டில் இருந்தேன்.

பத்திரமாகச் சேர்ந்துவிட்டதாக மெசேஜ் வந்தது.

மதிவாணன்


கோசுமெல், மெக்சிகோ
19.8.2025

அரசி அப்பாவுக்கு,

இன்று அவளைப் பார்த்தேன். மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இரண்டு கப்பலும் இன்று இங்கே ஒரே துறைமுக மேடையில் நின்றன. பயண அட்டவணையில் முன்பே பார்த்திருந்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. துறைமுகத்துக்கு வெளியே ஒரு டீக்கடை இருக்கிறது. வைஃபை இலவசம் என்பதால் எல்லாக் கப்பல் ஊழியர்களும் அங்கேதான் கிடப்பார்கள். மதியம் எனக்கு இடைவேளை கிடைத்ததும் போனேன்.

கடைசி மேசையில் பிலிப்பைன்ஸ் பெண்கள் இருவரோடு உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றி வைத்திருந்தாள். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்டர். இளைத்திருக்கிறாள், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழவில்லை. அந்தப் பெண்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள், அவர்கள் எழுந்து போனார்கள்.

"உக்காருங்க" என்றாள். பயணிகளிடம் சொல்வது மாதிரி இருந்தது.

உட்கார்ந்தேன். கால் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"அரை சைஸ் பெருசுன்னு எழுதுனீங்க. நீங்க சொன்னதாலதான் வாங்கல."

"இங்க பக்கத்துல ஒரு கடை கீது. வாங்கிடலாம்."

"வாங்கிக்கிறேன். நானே."

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள். "வூட்டு நெனப்பு எப்போ நிக்கும்?"

அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "எனக்கு ரெண்டாவது கான்ட்ராக்ட்ல நின்னுது" என்றேன்.

"அப்போ நான் எட்டாவது படிச்சுகினு இருந்தேன்."

"ஆமா."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், மூக்கைத் துடைத்துக்கொண்டு. நான் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் எழுந்து போய்விடுவாள் என்று பயம். கடைக்காரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தாள். பிறகு சொன்னாள். "எனக்கு இன்னும் நிக்கல. மேசைக்கு மேசை சிரிச்சுகினே போறேன், உள்ள வூடு ஓடிகினு இருக்கு. நீங்க எப்படி இதுல பத்து வருஷம் இருந்தீங்க?"

"எனக்கு இந்த வேல புடிச்சிருந்தது அரசி."

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குடும்பத்துக்காகப் போனேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். "எனக்கும் புடிச்சிருக்கு. அதான் எனக்குக் கோவம்" என்றாள்.

பிறகு ஷூ கடைக்குப் போனோம். அவள் பணத்தில்தான் வாங்கினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு மேடை வரை நடந்தேன். அவளுடைய கப்பல் முதலில் கிளம்பியது.

பொற்கொடி


நெய்வேலி
14.9.2025

பொற்கொடிக்கு,

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். அரசியும் போனில் சொன்னாள். அவள் சொன்னது, "அம்மாவப் பாத்தேன்ப்பா, தலையெல்லாம் நரச்சிருக்கு" என்று மட்டும்.

உனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். முதல் லீவில் வந்தபோது பெட்ஷீட்டைக் கப்பலில் மடிக்கிற மாதிரி ஒரு மடிப்பு மடித்தாய். அதை யாராவது பார்த்தார்களா என்று திரும்பியும் பார்த்தாய்.

எனக்கு வருகிற ஜனவரியில் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முத்தாண்டிக்குப்பத்தில் வாங்கிப்போட்ட மனையில் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டேன். அஸ்திவாரம் முடிந்தது. கூடம், சமையலறை, எனக்கு ஒரு அறை, அரசிக்கு ஒரு அறை. மேஸ்திரி ராஜேந்திரன் நேற்று கேட்டார். "இன்னொரு ரூம் எழுப்பணும்னா இப்பவே சொல்லிடுங்க. செவுரு ஏறிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

அதனால் கேட்கிறேன். உனக்கு ஒரு அறை போடவா? சுற்றிவளைக்காமல் கேட்டுவிட்டேன். நீ வந்து இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

மதிவாணன்


கடலில்
25.9.2025

அன்புள்ள அரசி அப்பாவுக்கு,

இந்தத் தாளில் மேலே எழுதி அடித்திருப்பதைப் படிக்க முயல வேண்டாம். மறுபடி எழுத வேறு தாள் இல்லை.

எனக்கு அறை வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் சரி என்று எழுதிவிடுவேனோ என்றுதான் உடனே பதில் போடவில்லை.

ஒருவர் ஷிப்ட் முடிந்து வரும் நேரம் பார்த்துச் சோறு வடித்துவைக்கும் ஆளாக என்னால் இனி இருக்க முடியாது. இருப்பதுபோல வந்தால் சீக்கிரமே உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போது மறுபடியும் நான் கிளம்பிப் போக வேண்டும். ஒரு தடவை போனதே போதும். அடுத்த கான்ட்ராக்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உறவுக்காரர்கள் கேட்டால் பிரிந்துவிட்டோம் என்றே சொல்லுங்கள். நாம் இருவரும் சொல்லாமல் இருப்பதால்தான் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அரசி இப்போது எனக்கே மெசேஜ் போடுகிறாள். நேற்று, மேசை விரிப்பில் வைன் கறை போவதற்கு என்ன செய்வது என்று கேட்டாள். சொன்னேன். "தேங்க்ஸ்" என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து "மா" என்று தனியாக ஒன்று வந்தது. இனி எங்களுக்கு நடுவில் நீங்கள் நிற்க வேண்டியதில்லை. இத்தனை நாள் நின்றதற்கு நன்றி.

ரிட்டயரான பிறகு முதல் ஷிப்ட் நேரத்துக்கு விழிப்பு வரும். எழுந்து உட்காராமல் படுத்தே இருங்கள். பழகிவிடும்.

பொற்கொடி


நெய்வேலி
5.10.2025

பொற்கொடிக்கு,

உன் கடிதம் வந்தது. மேலே அடித்திருந்ததை நான் படிக்க முயலவில்லை.

நாம் பிரிந்துவிட்டதைக் கனகத்திடம் நானே போய்ச் சொன்னேன். காபி போட்டுக் கொடுத்தாள்.

மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டேன், இரண்டு அறைதான் என்று. மிச்சமாகும் இடத்தை என்ன செய்வது என்று கேட்டார். கூடத்தை அகலமாக்கச் சொல்லியிருக்கிறேன். லீவில் நீயும் அரசியும் சேர்ந்து வந்தால் பாய் விரித்துப் படுக்க இடம் வேண்டும். அவளுடைய அறை இருவருக்குப் போதாது.

மதிவாணன்