மூண்டு மாரி கண்ட பட்டை

பங்குனி 4, செவ்வாய்.

உக்காத மரப்பட்டை போட்டால் பயிர்க் கண்டு மஞ்சளிக்கும் எண்டு நான் எப்பவோ சொன்னனான். இண்டைக்குத் தங்கச்சியின்ரை மிளகாய்க் கண்டு முழுக்க மஞ்சள். பூவரசங்குழையை உரமா மண்ணிலை தாழ்ப்பம் எண்டுதான் அவள் நிண்டவள். விவசாயக் கந்தோர் அதிகாரி ஐயாவே என்னட்டைக் கேட்டுப் படிக்கிறவர் எண்டு சொல்லி, பட்டை உரம் போடுவிச்சது நான்.

பிடுங்கின கண்டை என்ரை முன்னாலை போட்டாள்.

"அண்ணை, மூண்டு மாரி நனைஞ்சு உக்கின பட்டை எண்டு சொன்னனீங்கள். விறகு மாதிரிக் கிடக்கு."

"மண்ணிலை பிழை, பிள்ளை."

"என்ரை மனுசன் செத்தாப்பிறகு இந்த மண்தானே எங்களுக்குச் சோறு போட்டது?"

அவள் அழேல்லை. அழுதிருந்தால் ஏதும் சொல்லிச் சமாளிச்சிருப்பன்.

அந்தப் பட்டை ஒரு மாரியும் காணேல்லை. இந்த முறை மழை விட்ட பிறகுதான், மரம் அரியிற மரக்காலையிலை அப்பதான் உரிச்சதை வண்டிலிலை ஏத்தினனான்.