ஏழா, பதினொன்றா

ஜனவரி 8

அன்புள்ள சுண்டு,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. உன் அண்ணன் கூப்பிட்டால், "அவங்க பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறாய். கடிதம் என்றால் நீ கிழித்துப் போட்டாலும் எனக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அத்தை இருந்த வீட்டை அடுத்த மாதம் காலி செய்கிறாயாமே. சாமான்களை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. அவர் அறையில் இருக்கும் மர அலமாரியை மட்டும் எனக்குத் தருவாயா? துணிகளை நீ பிரித்து அடுக்க வேண்டாம். நானே வந்து அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். மாடி ஏறினால்கூட இப்போது மூச்சு வாங்குவதில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. விடுமுறை நாளிலும் மருத்துவமனைக்குப் போய், மருந்து வைக்கும் குளிர்பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். "அதுக்கு என்ன மேடம், காய்ச்சலா?" என்று காவலாளி கேட்கிறார்.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 15

அண்ணி அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன். எட்டு மாதமாக நான் கேட்கும் ஒரே கேள்விக்கு அதில் பதில் இல்லை. அலமாரிதான் இருக்கிறது.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். போன மே மாதம் அண்ணனுக்கும் அம்மாவுக்கும் ஒரே வாரத்தில் கொரோனா வந்தது. உங்கள் மருந்தகத்தில் அந்த ஆன்டிபாடி மருந்து ஒரு பெட்டிதான் இருந்தது. ஒரு பெட்டி இரண்டு பேருக்கு, திறந்தால் இரண்டு நாளுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். பாதி அண்ணனுக்கு ஏறியது. மீதி அம்மாவுக்கு என்று நம்பி மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அது யாரோ ஒரு பள்ளிப் பேருந்து டிரைவருக்குப் போனது. அம்மா வீடு திரும்பவில்லை.

காய்ச்சல் வந்து பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டிய மருந்தாம். பத்தாம் தேதி காய்ச்சல் தொடங்கியது, இன்று ஏழாம் நாள் என்று டாக்டரிடம் சொன்னேன். நீங்கள் உள்ளே போய்ப் பதினோராம் நாள் என்று சொல்லிவிட்டீர்கள். அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். உங்களுக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா?

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உங்கள் நிர்வாகத்திடம் புகார் கொடுக்கப்போகிறேன். வேலை போனால் போகட்டும். அதற்குள் பதில் சொன்னால் நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரரின் தங்கை

பி.கு. அம்மாவுக்குப் பாதி மருந்து தர மனசில்லை. அம்மாவின் அலமாரி மட்டும் முழுசாக வேண்டுமா?

ஜனவரி 20

அன்புள்ள சுண்டு,

புகாரைக் கொடு. தடுக்க மாட்டேன்.

"நிச்சயமா தெரியுமா?" என்று அன்று டாக்டரும் கேட்டார். தெரியும் என்றேன். அவரிடம் சொன்னது அவ்வளவுதான். உன்னிடமும் அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

ஏழாம் நாள் என்று விட்டிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த அறையில் இருந்த டிரைவருக்கு அன்று மூன்றாம் நாள். சர்க்கரை வேறு. நாள் கடந்தவருக்கு அந்த மருந்தால் பெரிதாகப் பலன் இல்லை என்று படித்தவள்தான் நான். ஆனாலும் மருந்துத் தட்டு அத்தையைத் தாண்டிப் போனபோது, "என்னடி, எனக்கு இல்லையா?" என்று கேட்டார். "உங்களுக்கு வேற மருந்து அத்தை" என்றேன். "வேறன்னா, இதைவிட நல்லதா?" என்றார். தலையாட்டினேன். நீ எந்தப் புகார் எழுதினாலும் அந்தத் தலையாட்டல் அதில் இருக்காது. அது என்னிடம்தான் இருக்கிறது.

அலமாரி தர மனமில்லை என்றால் வேண்டாம். வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் பூட்டியபடியே கொடுத்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 2

அண்ணி,

பூட்டியபடியே கொடு என்று எழுதினால் திறக்காமல் யார் இருப்பார்கள்? நீங்கள் மருந்து கொடுக்கத்தான் லாயக்கு. பொய் சொல்ல லாயக்கில்லை.

நேற்று முன்தினம் திறந்தேன். சின்ன வயதில் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா அலமாரிக் கதவின் உட்புறத்தில்தான் பென்சிலால் எழுதி வைப்பாள். அண்ணனின் டைபாய்டு, என் அம்மை எல்லாம் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே மே மாதம்.

6 மாலை 100.
7 காலை 101.

எட்டு, ஒன்பது என்று போய், அதற்குப் பிறகுதான் என்னுடைய பத்தாம் தேதி வருகிறது. அம்மா என்னிடம் மறைத்துவிட்டாள் என்று முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகுதான் இரண்டாவது வரியைப் பார்த்தேன். இந்தக் குடும்பத்தில் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவள் நான் ஒருத்திதான்.

அன்று வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. ஹெட்போனில் மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். "கண்ணாடியைக் காணோம், இதைக் கொஞ்சம் எழுதுடி" என்று அம்மா தெர்மாமீட்டரை நீட்டினாள். எழுதினேன். எழுதிய கையோடு மறந்தேன். மறந்தேனா, கணக்கில் சேர்க்காமல் விட்டேனா என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு மாற்றுத்துணி எடுக்க நீங்கள் வந்த அன்று இதைப் பார்த்திருக்கிறீர்கள். என் எழுத்து என்றும் தெரிந்திருக்கிறது. எட்டு மாதம் உங்களை நான் பேசாத பேச்சில்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, "நீயே எழுதினதைப் போய்ப் பாருடி" என்று சொல்லியிருக்கலாமே.

புகாரை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டேன். நேற்றுப் போய்த் திரும்பக் கேட்டேன். "விசாரணைக்குப் போயாச்சும்மா. சொல்ல வேண்டியது இருந்தா வேற எழுதிக் குடுங்க" என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். தேதி, காய்ச்சல், எந்த வரி யார் எழுதியது, எல்லாம்.

அந்த டிரைவர் மறுபடி பேருந்து ஓட்டுகிறாரா? தெரிந்தால் சொல்லுங்கள்.

அலமாரியை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது ரப்பர் கொண்டு வராதீர்கள்.

சுண்டு